ஓர விளக்கு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்; எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. எழுதுகிறவர் எழுதட்டும். டீ ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

என் நாத்தனார் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். அங்கேதான் எனக்கு வேலை. என் ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு, "வீட்டுல தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க அண்ணி" என்று அவளே கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். நல்ல மனசு. என் மகளின் ரத்தத்தைப் பார்த்தவளும் அவள்தான். பழைய மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணி, சாதாரணக் காய்ச்சல்தான்" என்றாள். அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது.

அப்புறம் கைபேசி மைக்ராஸ்கோப் வந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி. மேலே கைபேசியைப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், அதற்கு அடியில் பொடிப்பொடி விளக்குகள். எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று திரையைத் தொட்டுச் சொல்லலாம். எல்லாம் எரிந்தால் ரத்தம் பளிச்சென்று தெரியும். எலிக்காய்ச்சல் கிருமி மட்டும் தெரியாது, அவ்வளவு மெல்லிசு. நடுவிளக்குகளை அணைத்து ஓர விளக்குகளை மட்டும் விட்டால் சுற்றிலும் இருட்டாகி, கிருமி வெள்ளி இழை மாதிரி நெளியும். காய்ச்சல் என்று யார் வந்தாலும் இரண்டு விதமாகவும் பார்ப்பது எங்கள் வழக்கம்.

போன மழையில் நாத்தனாரின் மகள் காய்ச்சலோடு வந்தாள். தண்ணீர் தேங்கிய தெருவில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள்.

"அத்தை, என் ரத்தத்துல திமிர் ஏதாவது தெரியுதான்னு பாருங்க."

"அதுக்கு எதுக்கும்மா மைக்ராஸ்கோப்? நீ வாசல்ல நின்னாலே தெரியுதே."

சிரித்தாள். நல்ல பெண். ஓர விளக்கில் பார்த்தேன். இழைகள் நெளிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழகாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் படத்தை அழித்துவிட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு எடுத்த படத்தை மட்டும் மருத்துவருக்கு அனுப்பினேன்.

"ஓர விளக்குல பாத்தீங்களா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"பாத்தேன். ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்தான்."

தான் சொன்ன அதே வார்த்தைகள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவளுக்குக் கால் பிடித்துவிட்டது நான்தான்.

பழைய மைக்ராஸ்கோப்பில் ஓர விளக்கே கிடையாது, யார் பார்த்திருந்தாலும் அந்தக் கிருமி கண்ணில் பட்டிருக்காது என்று மருத்துவர் ஒருமுறை எனக்கு விளக்கிச் சொன்னார். இருக்கலாம். நாத்தனார் இன்னொரு தரம் பார்த்திருக்கலாம் அல்லவா.

அடக்கம் முடிந்து வந்ததும் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க வலி எனக்கு இப்பத்தான் புரியுது அண்ணி" என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆனால் பாவம், அவள் தன் விதியைத்தான் நொந்துகொண்டிருக்கிறாள். நான் செய்ததை விதிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். கொன்றது நான். இதை அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், ஒரு வரி விடாமல்.

உங்களுக்கெல்லாம் பிள்ளைகள் இருக்கும். அவர்கள் நோய்நொடி இல்லாமல், உங்கள் வீடு நிறைய ஓடி விளையாடட்டும்.