வயிற்றில் பட்டன் வைத்த நாய்

— நீ நூல் வாங்கப் போனப்ப ஒருத்தர் வந்து, பொம்மைக்காரம்மா இருக்காங்களான்னு கேட்டார். கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு நான் எதிர்லயே நிக்கிறேன். நான் அவர் கண்ணுக்குத் தெரியல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பொம்மைக்காரம்மான்னு இங்க யாரும் இல்ல, இது டெய்லர் கடைன்னு சொன்னேன்.

— அட போங்க! தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?

— போர்டைக் காட்டினேன். பார்த்துட்டுப் போயிட்டார்.

— அந்தப் போர்டுக்கு முன்னாடி என் யானை தொங்குதுங்க. எழுத்து எங்கேயிருந்து தெரியும்?

— அதைத்தான் நானும் ஆறு மாசமா சொல்றேன். கண்ணாடி அலமாரியில என் கோட்டு நின்ன இடமும் உன் பொம்மைக்குப் போச்சு. இப்ப கோட்டு எங்க? மிஷினுக்குப் பின்னாடி, கழுத்துல உன் முயலைக் கட்டிக்கிட்டு நிக்குது.

— அந்தக் கோட்டை யாராவது விலை கேட்டாங்களா? முயலையாவது கேட்கிறாங்க.

— அளவாப் பேசு.

— சரி, பொறாமைன்னு சொல்லல. வயித்தெரிச்சல்னு வெச்சுக்கலாமா?

— எனக்கா? வெட்டுத்துண்டு மேலயா? நான் கீழே தள்ளின துணியைப் பொறுக்கித்தானே நீ கரடி பண்றே. என் மேஜையில விழாத துணி உன் கைக்கு எப்படி வரும்?

— கீழே கெடந்தப்ப அது குப்பைன்னீங்க. நான் காது வெச்சதும் உங்க துணி ஆயிடுச்சு.

— பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாது. விடு. நேத்து நீ நம்ம பெரிய பொண்ணு வீட்டுக்குப் போனப்ப ஒரு நர்ஸம்மா வந்தாங்க. ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டு பார்க்கிறவங்க.

— என்ன, யூனிஃபார்ம் தைக்கவா?

— பொம்மை பார்க்க. ரொம்ப நேரம் நின்னாங்க. ஒண்ணைக் கையில எடுத்தாங்க. இதே மாதிரி முப்பது வேணும்னாங்க. ஒண்ணுகூட மாறக்கூடாதாம். பக்கத்துக் கட்டில் பிள்ளையோடது பெருசா இருந்தா, வார்டே அழுகையில இடிஞ்சு விழுமாம்.

— முப்பதா! இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நாள் ஆச்சா? எதை எடுத்தாங்க? யானையா?

— யானை இல்ல.

— அப்ப ஆந்தை. பழைய போர்வையில பண்ணினேனே, அது.

— ஆந்தையை எடுத்தாங்க. தூசி தட்டிட்டுத் திரும்ப வெச்சிட்டாங்க.

— முயல்தான், வேற என்ன. அந்தக் கண்ணு வேற யார் கையிலயும் வராது.

— கண்ணு நல்லாயிருக்குன்னாங்க. ஆனா முயல் இல்ல.

— ஏங்க மென்னு முழுங்கறீங்க? சொல்லித் தொலைங்களேன்.

— நாய்.

— நான் நாயே பண்ணலையே.

— நான் பண்ணினேன். என்ன, அப்படிக் குனிஞ்சுட்டே?

— ஊசியில நூல் கோக்கறேன்.

— கோத்த ஊசியையா?

— எப்ப பண்ணினீங்க?

— நீ கடையில இல்லாத மத்தியானமா பார்த்து, நாலு நாள். வாட்ச்மேன் ஒருத்தர் காக்கி பேண்ட் தைக்கக் கொடுத்துட்டு, வாங்கவே வரல பாரு. ஊரை விட்டே போயிட்டாராம். அதை வெட்டினேன்.

— பேண்ட்ல நாயா? நாய்க்கு இடுப்புப் பட்டை வெச்சீங்களா, பெல்ட் போட்டுக்க?

— வயித்துல பட்டன் வெச்சேன். வரிசையா அஞ்சு.

— அவசரத்துக்கு வசதி.

— சிரிச்சுக்க. நர்ஸம்மாவும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் முப்பது கேட்டாங்க. பட்டனைக் கழட்டினா பஞ்சுப் பை தனியா வெளியே வந்துடும். மேல் துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத் துவைக்கலாம். அப்படித் துவைக்க முடியாத எதையும் வார்டுக்குள்ள விட மாட்டாங்களாம். உன் முயலைத் துவைச்சா, அப்புறம் அது முயலா?

— துவைச்சுப் பார்த்தீங்களா?

— கால்மிதி மாதிரி ஆயிடும். சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்.

— சொல்லிட்டீங்களே. சொல்லும்போது முகத்துல எவ்வளவு சந்தோஷம்!

— இருக்காதா? இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வர்றாங்க. அவர் நாயைக் கையில எடுத்துப் பார்த்துச் சரின்னு சொன்னா போதும். ஆனா பார்க்காம ஒத்துக்க மாட்டாராம். நூலைப் போட்டுட்டுக் கொஞ்சம் முகத்தைக் கழுவிக்கோ.

— நான் எதுக்கு? என் நாயா அது? டாக்டர்னா நல்லாப் பார்ப்பாருங்க. வளைவுல எல்லாம் கத்தரிக்கோல் நுனியால வெட்டி விட்டிருக்க மாட்டீங்க, கழுத்து சுருங்கி நிக்கும். உள்ளே ரெண்டு விரல் துணி வேற மிச்சம் விட்டுத் தைச்சிருக்கீங்க. நாய் என்ன வளரவா போகுது?

— பழக்க தோஷம். பிள்ளைங்க துணின்னா உள்ளே விட்டுத்தான் தைப்பேன், வளர வளரப் பிரிச்சு விடலாம்னு. கை தானா அப்படியே... இரு.

— என்ன?

— உள்ளே விட்ட துணி உனக்கு எப்படித் தெரியும்?

— பட்டனைத் திறந்தேன்.

— திறந்தா லைனிங்தான் தெரியும். தையலைப் பிரிச்சாத்தான் அது தெரியும். நாய் எங்க?

— முயலைக் காட்டலாங்க. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. முயல் வயித்துலயும் பட்டன் வெச்சுடறேன்.

— ஆந்தைக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். இப்ப அங்க இல்ல. நாய் எங்க?

— காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி, கடையைத் திறந்ததும் பார்த்தேன். பட்டன் ஓட்டையில அந்தக் காஜாத் தையல் யார் கைன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் அலமாரியில, என் ஆந்தைக்குப் பின்னாடி.

— அப்புறம்?

— பிரிச்சிட்டேன்.

— எந்தப் பக்கம்?

— எல்லாப் பக்கமும்.

— அடிப்பாவி!

— முப்பது கேட்டாங்கன்னு எனக்கு என்ன தெரியும்? நேத்தே சொல்லியிருக்கலாம்ல?

— கண்ணளவுல வெட்டினதுடி அது. பேப்பர்ல வரையல. துணி மேல சாக்பீஸ்கூட வைக்கல. பதிமூணு துண்டு. அதே மாதிரி முப்பது என்ன, இன்னொண்ணுகூட என்னால வெட்ட முடியாது. துண்டெல்லாம் எங்க? கிழிச்சுக் கரடி வயித்துல திணிச்சிட்டியா?

— திணிக்கல. கத்தாதீங்க, தெருவுல ஆள் போறாங்க.

— போகட்டும். இருபத்தாறு வருஷம் ஊருக்கே தைச்சிருக்கேன். கை இறுக்கம், கழுத்து லூசுன்னு சொல்லத்தான் வருவாங்க. என் வேலையைக் கையில எடுத்து, இதே மாதிரி வேணும்னு ஒருத்தங்க கேட்டது நேத்துதான். அது மேல உனக்கு அப்படி என்ன கோபம்?

— கோபம் இல்ல.

— பின்னே?

— அது தானா உட்கார்ந்துச்சு.

— என்னது?

— என் கரடி சுவர்ல சாய்ச்சாத்தான் உட்காரும். யானை முட்டுக் கொடுத்தாலும் சாயும். யானையையும் முயலையும் கட்டித் தொங்க விடறதே அதனாலதான். உங்க நாயை நடு அலமாரியில வெச்சேன், உட்கார்ந்துச்சு. தட்டினேன். ஆடிட்டு மறுபடியும் உட்கார்ந்துச்சு. நாலு தடவை தட்டினேங்க.

— அதுக்காகப் பிரிப்பாங்களா?

— பிரிக்காம எப்படித் தெரிஞ்சுக்கறது? நீங்க விட்ட ரெண்டு விரல் துணிதான் அடியில மடிஞ்சு சுத்தி நிக்குது, பானைக்கு அடியில துணியைச் சுருட்டிச் சும்மாடு வெச்ச மாதிரி. பைத்தியக்காரத்தனமா விட்டதுதான் அதை உட்கார வைக்குது. ஆறு மாசமா எனக்குப் பிடிபடல.

— தெரிஞ்சுக்கிட்ட இல்ல? சந்தோஷமா? அஞ்சு மணிக்கு நான் டாக்டர்கிட்ட என்னத்தைக் காட்டுறது?

— அந்த இழுப்பறையைத் திறங்க.

— எதுக்கு?

— திறங்களேன்.

— துண்டெல்லாம் இருக்கு. இது என்ன, காலண்டர் அட்டையில? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு... பதிமூணும் வரைஞ்சிருக்கே. காது எது, பாதம் எதுன்னு எழுதிக்கூட வெச்சிருக்கே. நாய் மறுபடியும் வேணும்னு நான் கேட்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— உங்களுக்காக வரையலங்க. அடுத்த வாரம் இதே நாயைத் தைச்சு, நான் பண்ணினதுன்னு உங்க முன்னாடி உட்கார வைக்கலாம்னு இருந்தேன்.