மண்டபத்து வாசல் கல்

— இன்னா தேவானை, உன் கல்யாணம் நடந்த மண்டபத்துக்கே என்னை மறுபடி இட்டாந்துகீற? மயிலாப்பூர்ல போறதுக்கு வேற எடமே இல்லியா?

— இப்ப யாரும் இல்லப்பா. மேனேஜர்கிட்ட கேட்டுட்டுதான் வந்தேன். அன்னிக்கு நீ எந்தக் கல்லுல வழுக்கி வுழுந்த? காட்டு.

— இதோ, வாசப்படி தாண்டுனா இந்தக் கல்லு. மாப்ள ஊட்டாரு வந்துகினு இருந்தாங்கோ, நான் கும்பிட்டுகினே எதுர்ல போனேன். அவ்ளோதான், மல்லாக்க வுழுந்தேன். "தண்ணி போட்டுட்டு வந்துகீறாரு"ன்னு சம்பந்தி சொன்னாரு. மண்டபமே சிரிச்சுது.

— எனக்கும் ஒடம்பே கூசிப்போச்சுப்பா.

— அத்தோட உன் ஊட்டு வாசப்படி மிதிச்சனா நானு?

— என் வளைகாப்புக்கு நீ வந்தே ஆவணும். அதுக்குத்தான் ஆபீஸ்லேந்து இத எடுத்தாந்தேன்.

— இன்னாது, இஸ்திரிப் பொட்டியாட்டம்?

— அஞ்சு கிலோ எடை, அடில ரப்பர். இழுக்கும்போது தரை எவ்ளோ புடிச்சு நிறுத்துதுன்னு இந்தத் தராசு காட்டும். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸ்ல நாள் பூரா தரை வழுக்குதான்னு பாக்கறதுதான எனக்கு வேலை.

— சரி, இழு. பாப்போம்.

— மூணு கிலோவுக்கு மேல இழுத்தாதான் நகருது.

— அப்டின்னா?

— தரை நல்லா புடிக்குதுப்பா. வழுக்காது.

— ம். நான் குடிச்சிருந்தேன்னு உன் மிஷினும் சொல்லிட்ச்சு. வா, போலாம்.

— இரு, இரு. அன்னிக்கு நீ செருப்போடயா உள்ள வந்த?

— மண்டபத்துக்குள்ள எவனாச்சும் செருப்போட வருவானா? வெளியவே உட்டுட்டேன்.

— ஐயோ! இது செருப்படி ரப்பருப்பா. எப்பவும் போட்டுப் பாக்கறதையே கை பழக்கத்துல மாட்டிட்டேன். வெறுங்காலுக்கு வேற ரப்பர், மெத்துனு இருக்கும். மாத்தறேன். தரைல ஈரம் எதுனா இருந்துச்சா?

— உன் அத்தை பன்னீர் தெளிச்சுகினு இருந்தா. சந்தனமும் கீழ சிந்திக் கெடந்துச்சு.

— அப்டியே நில்லு. முனைல பூஜை சாமான் கடை இருக்கு, ஓடிப்போய் வாங்கியாறேன்.

— மெல்ல போ கண்ணு! வயித்துல புள்ளைய வெச்சுகினு ஓடாத... வந்துட்டியா? குடு, நான் ஊத்தறேன். இப்ப இழு.

— அப்பா! முக்காக் கிலோ கூட காட்டல, தானா ஓடுது! உன்மேல ஒரு தப்பும் இல்ல. இதுல யாரு கால வெச்சிருந்தாலும் வுழுந்திருப்பாங்க.

— நீ காலேஜ் சேந்தப்பவே குடிய வுட்டவன் நானு.

— எனக்குத் தெரியாதா? மாமனார்தான் நம்பல. இன்னிக்கே அவர்கிட்ட சொல்றேன். இனிமே நீ தலை நிமிந்து வரலாம். ஏம்ப்பா, இன்னும் மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கற?

— சம்பந்தி சொன்னதுக்கா நான் வராம கெடந்தேன்? அவரு நேத்து வந்த மனுசன்.

— பின்ன?

— நான் வுழுந்த சத்தம் கேட்டு நீதான் மொதல்ல ஓடியாந்த. குனிஞ்ச. தூக்கத்தான் குனியறன்னு கைய நீட்டுனேன் கண்ணு. நீ என் வாய மோந்து பாத்த.