லெப்ட் மாமாவின் முழுப்பெயர்

அடுத்தவர் கதையை ஒட்டுக்கேட்பதற்காக, பற்றரி செத்த கைபேசியை அரைமணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தவன் நான்; வயது ஐம்பத்திரண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் ஒரு ராத்தாவும் நரைத்த தாடியோடு அவர் தம்பியும். அவர்கள் வாப்பாவின் கூட்டாளி ஒருவர் முந்தாநாள் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஊரே லெப்ட் மாமா எண்டுதானே கூப்பிட்ட. காலேஜ் டீம்ல லெப்ட் விங் விளையாடின நாள்ல இருந்து அந்தப் பேர்தான். நம்மட ஊர்ப் பள்ளிவாசல் மைக்லயும் முஹம்மது இஸ்மாயில் மௌத்து எண்டு செல்லியிருக்கானுகள். ஆருக்குடா விளங்கும்? நான் ஆரோ எண்டு நினச்சி, இன்னாலில்லாஹி ஓதிட்டு முத்தத்தக் கூட்டினன்."

"அவர்ட மருமகன்ட வேல, ராத்தா. பட்டப்பேர் செல்லப்படாதாம். மரியாதயில்லயாம்."

"என்னடா மரியாத? உம்மாட நோன்புக் கஞ்சிச் சட்டிக்குள்ள பந்த அடிச்சிட்டு, கோல் எண்டு கத்தின மனிசன்! உம்மாக்கே சிரிப்ப அடக்கேலாமப் போச்சி. எனக்கு இடக்காலால அடிக்கப் பழக்கினதும் அவர்தான். மொகத்தக்கூடப் பாக்கக் கிடைக்கல்லயே!"

தம்பியின் குரல் இறங்கியது. "நான் அண்டைக்குச் சாமான் எடுக்கப் போன இடத்துல, அஸருக்கு அவர்ட ஊர்ப் பள்ளிலதான் தொழுதன். ஜனாஸாப் பெட்டி முன்னுக்கு இருந்திச்சு. ஆரோதானே எண்டு, ஜனாஸாத் தொழுகைக்கு நிக்காம கடையத் திறக்க ஓடி வந்துட்டன்."

"ஆரெண்டாலும் நிண்டு தொழ வேணாமாடா, ஹயவான்?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பஸ் நிந்தவூரைத் தாண்டியது. பிறகு தம்பி, "நான் மௌத்தானா என்ட பட்டப்பேரையும் மைக்ல செல்லச் செல்லுங்க, ராத்தா" என்றார்.

"உன்ட பட்டப்பேர பள்ளிக்குள்ள செல்லேலாதுடா."