‘இல்லை’க்கு இடம் வாங்கித் தந்தவருக்கு

கணக்கெடுப்பின் கண்ணான கண்காணிப்பாளர் அம்மையே! கட்டுக்கட்டாய்ப் படிவம் குவிந்தாலும் கலங்காத கைகளுக்குச் சொந்தக்காரரே! எங்கள் குடிக்கணக்கு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முனைப்போடு உழைத்து, இன்று முகமலர்ச்சியோடு விடைபெறும் மூத்தவரே! வணக்கம்.

தாங்கள் படிவப் பிரிவுக்குத் தலைமையேற்ற ஆண்டில், மதம் என்னும் கட்டத்தை எழுதாமல் விட்டவருக்கும், அதில் “இல்லை” என்று எழுதியவருக்கும் ‘விடை இல்லை’ என்று பொருள்படும் ஒரே ‘இ’ முத்திரையைக் குத்தி, ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். குத்திய கைகள் எங்களுடையவை, ஒப்புக்கொள்கிறோம். ஒருநாள் தையற்காரப் பெண்மணி ஒருவர் நாங்கள் அனுப்பிய கடிதமும் கையுமாக வந்து நின்றார்.

“நான் பதில் எழுதாம விட்டுட்டேன்னு போட்டிருக்கீங்க. விடலைங்க. இல்லைங்கறதுதான் என் பதில்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?” என்றார் அன்றைய இயக்குநர்.

“எப்படிங்க ஐயா? பசிக்கலைன்னு சொன்னவரும், நாம சோறு போட மறந்தவரும் ஒண்ணா?” என்றீர்கள் தாங்கள்.

“சரி, பிரிங்க. ஆனா கணக்கு ஒரு நாள் தாமதமானாலும் இந்த நாற்காலி உங்களுக்கு இல்ல!”

பதினோரு நாள் மூட்டைகளை அவிழ்த்தோம். அவிழ்க்கும்போது தங்களை வாய்க்குள் திட்டினோம், அதையும் ஒப்புக்கொள்கிறோம். கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கணக்கு போய்ச் சேர்ந்தது, நாற்காலியும் தப்பியது.

அம்முறை ‘இல்லை’கள் ஓர் அலமாரித் தட்டில் அடங்கின. சென்ற கணக்கெடுப்பிலோ ஓர் அறையே போதவில்லை! வாதாடி விலகியவர், மனம் நொந்து விலகியவர், இருமத வீட்டில் பிறந்து எதையும் எடுத்துக்கொள்ளாதவர், அந்தக் கேள்வியே எழாமல் வளர்ந்தவர் என எத்தனை வகை! “ஒரு இல்லைக்குள்ள எவ்வளவு இருக்கு பாருங்க!” என்று வியந்தீர்கள். உலகம் கெட்டுவிட்டதென்று முணுமுணுத்தவரிடம், “கெடலைங்க, வாயைத் திறந்து சொல்லுது, அவ்வளவுதான்” என்றீர்கள்.

தங்கள் பணிப்பதிவேட்டின் மதக் கட்டத்திலும் அதே ‘இல்லை’தான். ஆயினும் எங்கள் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிக்காமல் விடுப்பளித்து, எங்கள் மேசைகளையும் தனியாளாய்ப் பார்த்துக்கொண்ட பெருந்தகையே, அந்த நன்றியை எங்கே கொண்டு வைப்போம்!

இம்மடலின் முடிவில்தான் மாட்டிக்கொண்டோம். “நீடு வாழ இறைவனை வேண்டுகிறோம்” என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதிச் சண்டையிட்டதில் காகிதம் கிழிந்தது. பக்தியில் பழுத்த எங்கள் ஓட்டுநர் அண்ணன்தான் வழி சொன்னார்: “என் சாமிகிட்ட நான் தனியா கேட்டுக்கறேன். மடல்ல, அம்மாவுக்கு நாம என்ன செய்யப்போறோம்னு எழுதுங்கப்பா.”

எழுதுகிறோம். இனி எங்கள் பண்டிகை ஒவ்வொன்றிலும் எங்களில் ஒருவர் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். நல்ல உடலோடும் குறையாத குறும்போடும் நெடுங்காலம் வந்து திறவுங்கள், அம்மா! தங்கள் வாசல் என்னும் அந்தக் கட்டத்தை நாங்கள் ஒருநாளும் வெறுமையாக விடமாட்டோம்.

அன்புக்கு மட்டும் ஒரே முத்திரை குத்தும்,
படிவப் பிரிவினர்