ஊமைக் கத்தி

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த, யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடிய கரி பஸ்ஸில், எனக்கு முன்னால் காய்க்கூடைகளோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் ஆளுக்கொரு மடக்குக் கத்தி. "ஒன் கத்தி ஊமையால்ல இருக்கு" என்று மூத்தவள் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

இளையவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பித்தளைப் பிடி அக்கா. அலகு இங்கிட்டு அங்கிட்டு ஆடல பாருங்க. ஒங்களுது ஆணி தளந்து கெடக்கு, முனையும் ஒடஞ்சிருக்கு."

"வேலப்பாடு ஒன்னுதுதான் நல்லாருக்கு. தெறந்தா சத்தமே வரலயே. இதக் கேளு."

மூத்தவள் கத்தியை விரித்ததும் டக்கென்று வந்த சத்தத்தில் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தத்த வச்சு என்னக்கா செய்யிறது? வெள்ளரிப்பிஞ்சாவது அறுக்குமா?"

"அறுக்காது. பஸ்ஸுக்காகக் கருக்கல்ல முந்திரித் தோப்பு வழியா ஒத்தையில வாரேன். எவனாச்சும் பின்னாலயே வந்தா, அந்த இருட்டுல அவனுக்குக் கத்தியா தெரியும்? சத்தந்தான் கேக்கும். இதுவரைக்கும் வெட்ட வேண்டி வந்ததில்ல."

இளையவள் தன் கத்தியை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதுவரைக்கும் தொணைக்கு வந்த எங்க வீட்டு அவுக பட்டாளத்துக்குப் போறாக. இனிமே நீங்க வராத அன்னைக்கெல்லாம் நானும் அந்த வழியா ஒத்தையிலதான் வரணும்."

மூத்தவள் தன் கத்தியை மடக்கி அவள் மடியில் வைத்தாள். "இத வச்சுக்க. இந்தச் சத்தத்தக் கேட்டா நாந்தான் வாரேன்னு நெனச்சு ஓடிருவானுக."

"அப்ப ஒங்களுக்கு?"

"நான் இருமுனாலே போதும்."