டிஸ்க் கேட்ட கேள்வி

— அமுக்கு பாப்பா. ஆமாவா இல்லையான்னுதானே கேக்குது? ஆமான்னு ‘ஒய்’ எழுத்த அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இரு.

— சும்மா கேக்கலப்பா. ‘இந்த ஃபைல் உடைஞ்சிருக்கு, அழிச்சிடவா’ன்னு கேக்குது. ‘ஒய்’ போட்டா போனது போனதுதான்.

— போவட்டுமே. டிஸ்க்க சரி பண்ணுன்னுதானே சொன்னேன்? உள்ள இருக்கறதப் பத்தி உன்னைக் கேட்டனா?

— எந்த ஃபைல்னு தெரியுமா? நம்ம ஸ்டோர் வாசல் கேமரா. செம்பனக் குலை ஏத்தின லோரி ஏறி புவனேசண்ணன் செத்தாரே, அன்னிக்கு எடுத்தது.

— தெரியும்லா.

— ராத்திரி கிளாஸ்ல சொன்ன மாதிரி மொதல்ல எதையும் தொடாம சோதிச்சேன். சரியாத்தான் பண்ணேனான்னு சந்தேகம், திரும்பவும் ஓட்டினேன். படம் அழியலப்பா. ஃபைல் எங்க இருக்குங்கற கணக்குதான் கலைஞ்சிருக்கு. பொறுமையாப் பண்ணா எடுத்துடலாம்னு நெனைக்கிறேன்.

— எடுக்க வேணாம்.

— கரண்டு போயி கெட்டுச்சுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்க.

— ப்ளக்கப் புடுங்கினாலும் கரண்டு போறதுதானே?

— அப்பா...

— கேளு. கெட்ட டிஸ்க்கக் குடுத்தா கோலாலம்பூருக்கு அனுப்பித் தோண்டுவானுங்க. நல்ல டிஸ்க்காக் குடுக்கணும், அந்த ஒரு நாளு மட்டும் இருக்கக் கூடாது. ‘எம் மவ கம்ப்யூட்டர் படிக்கிறா சார், முடிஞ்சவரைக்கும் பாத்தா’ன்னு சொல்லிடுவேன். முடிஞ்சுது கதை.

— செல்லண்ணன் கதை? அவருதான் ஓட்டினாருன்னு நீங்க சொன்னதால லோக்காப்புல கெடக்காரு. அவரு சம்சாரம் காளியம்மா அக்கா நேத்து நம்ம கேட்டப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க.

— அவனுக்கு வக்கீலு நான் வெக்கிறேன். அவன் வூட்டுக்கு அரிசி, பருப்பு நான் போடறேன். போதுமா?

— லோரிய ஓட்டினது அவரு இல்லப்பா.

— வாய மூடு! பதினாறு வயசுப் பய. ‘ஆம்பளப் புள்ளதானே, ரிவர்ஸ் எடுடா’ன்னு சாவியக் குடுத்தது நான். அதுக்கு ஒன் தம்பி ஜெயிலுக்குப் போவணுமா? சொல்லு, கில்பர்ட்டு போவணுமா?

— அவன் சாப்பிட்டே எத்தன நாளாச்சு, பாத்தீங்களா? தூக்கத்துல புவனேசண்ணன் பேரச் சொல்லிக் கத்துறான்.

— இது முடிஞ்சா தூங்குவான். எங்க அவன், காலைலேருந்து காணோம்?

— பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போயிருக்கான். வேலை இருக்குன்னான்.

— சரி, அமுக்கு.

— எனக்குக் கை வரலப்பா.

— தள்ளு. இதுதானே? ...அமுக்கிட்டேன். என்னாலா, இன்னும் கேக்குது?

— ஒவ்வொரு ஃபைலுக்கும் கேக்கும்.

— கேக்கட்டும். ஒய். ஒய். இந்தா, ஒய். ...நின்னுடுச்சு. போயிடுச்சா?

— போயிடுச்சு. அந்த நாளே இல்ல.

— ஆண்டவரே... கழட்டிக் குடு பாப்பா. இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்.

— நீங்க அமுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா.

— கழட்டுன்னு சொல்றேன்.

— இது என் டிஸ்க்கு. தப்பு பண்ணிடுவனோன்னு எப்பவும் பயம் எனக்கு, ஒரிஜினல்ல கையே வெக்க மாட்டேன். நேத்தே காப்பி எடுத்துட்டேன். நீங்க அழிச்சது அந்தக் காப்பிய.

— ஒரிஜினல் எங்க? எவன்கிட்ட குடுத்த? அமண்டா, காளியம்மாகிட்டயா?

— இல்லப்பா. அவங்களக் கூட்டிக்கிட்டுக் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினானே, தம்பி, அவன் கைல.