பேய்க்கு ஒரு சீட்டு

ஆண்டிபட்டியில் நான் ஏறிய தேனி பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்து அம்மாவின் மகள் விமானப் பணிப்பெண் என்பது அதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

“எம் மக வேல பாக்குற ஏர்போர்ட்டு ஒரு காலத்துல பட்டாளத்து விமானதளமாம். செத்துப்போன பைலட் ஒருத்தரு இன்னும் டூட்டிக்கு வர்றாராம். அதனால விமானத்துல வேல பாக்குறவுக போற வேன்ல அவருக்குன்னு ஒரு சீட்டக் காலியா விட்டுருவாக.”

“ஆத்தீ, பேய்க்கா?”

“எம் மக மொத நாளு தெரியாம அதுலயே உக்காந்துட்டா. எல்லாரும் பதறிட்டாக. இவ எந்திரிக்கல. ‘வாங்க சார், ரெண்டு பேரு உக்காரலாம்’னு நகந்து எடம் விட்டாளாம். அன்னையிலருந்து அவுக அத்தன பேருக்கும் இவ செல்லப்புள்ள.”

“பயமில்லையா அவளுக்கு?”

“இந்த பஸ்ல காலேசுக்குப் போயி வந்தவ” என்ற அந்த அம்மா, நெரிசலில் நின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு நகர்ந்து இடம் விட்டார்.